ஒருசாலை மாணாக்கர்

(2025ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், மேனிலைப் பள்ளியொன்றின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்க்கு நிகழ்ந்த விடையளிப்பு விழாவில், அப்பள்ளித் தமிழாசிரியர் ஆற்றிய சொற்பொழிவு.)



பள்ளி வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தல் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு இவ்வகுப்பு மாணவர் என்னைக் கேட்டுக்கொண்டனர். ஏழாண்டு யான் கேட்டவற்றுக்கெல்லாம் விடை கூறிவந்தவர்கள் கடைசியில் ஒன்று கேட்க, அதனை மறுத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. ஆகலின் எனக்கு அறிமுகமான இலக்கண நூல்களின் துணைகொண்டு சில சொல்லத் துணிந்தேன்.

திரும்பிப் பார்த்தல் எனின், எதனைத் திரும்பிப் பார்த்தல்? கட்டடத்தையா? மதிப்பெண் பட்டியலையா? விளையாட்டில் வென்ற கோப்பைகளையா? அவையும் பார்க்கத்தக்கனவே. ஆயினும் அவையெல்லாம் இங்கேயே இருக்கும். என்று வந்தாலும் காணலாம். நாளை இங்கு இராதது ஒன்று உண்டு. அது நீவிர் ஒருங்கே கூடியிருக்கும் இக்கூட்டம். ஆதலின் முதற்கண் நும் அருகில் அமர்ந்திருப்பவரைப் பாருங்கள். அவருக்கு நம் முன்னோர் இட்ட பெயர் ஒருசாலை மாணாக்கர் என்பது. ஒரு கல்விச்சாலையில் ஒருங்கு கற்றவர் என்பது அதன் பொருள்.

தொல்காப்பியம் என்னும் பழம்பெரும் இலக்கணத்துக்குச் சிறப்புப்பாயிரம் செய்தவர் பனம்பாரனார். அவர் தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர் என்று உரைகாரர் கூறுவர். ஒரு நூலின் பெருமையை உலகுக்கு எடுத்துரைக்கும் பாயிரத்தை அதன் ஆசிரியரே செய்துகொள்ளுதல் நம் மரபன்று. பாயிரம் செய்தற்கு உரியவர் யாவர் எனப் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்துரைக்கின்றார். நூல் செய்தவனுடைய ஆசிரியன், அவனோடு உடன் கற்றவன், அவனுடைய மாணாக்கன், நூலுக்கு உரை செய்தவன் என்னும் நால்வர் அவர். ஆசிரியனை அடுத்து உடன்கற்றவனை வைத்த முறையை நோக்குக. ஒருவன் எத்தகையன் என்பதை அவனோடு ஒரு பலகையில் இருந்து கற்றவன் நன்கு அறிவான். அவன் எங்கே தடுமாறினான், எவ்வாறு எழுந்தான் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும்.

இவ்விரண்டு வாரமாக வகுப்பறையில் ஆட்டோகிராப் ஏடுகள் கைம்மாறி வருதலை யான் கண்டேன். என்னிடமும் சில வந்தன. அவற்றைப் புரட்டியபோது, என்னை மறவாதே என்னும் தொடரே பக்கந்தோறும் காணப்பட்டது. அன்புடைய தொடர்தான், குறை கூறவில்லை. ஆனால் அந்த ஏடு நும் தோழனுடைய வாழ்வுக்கு நீவிர் எழுதும் பாயிரம் என எண்ணிப் பாருங்கள். என்னை மறவாதே என்று எழுதுவதினும், உன்னிடம் யான் இன்னது கற்றேன் என்று ஒருவரி எழுதின் எவ்வளவு நன்றாக இருக்கும்! அவன் முப்பதாண்டு கழித்து அந்த ஏட்டைத் திறக்கும்போது, தன்னால் ஒருவர்க்குப் பயன் விளைந்தது என்னும் மகிழ்ச்சியை அவ்வரி அவனுக்குக் கொடுக்கும்.

கற்றல் என்பதை நன்னூலார் ஒரு கணக்காகவே சொல்லியிருக்கின்றார். ஆசிரியன் உரைத்ததனை மாணாக்கன் குறைவின்றி ஏற்றுக்கொண்டாலும், அதனால் அவன் பெறுவது முழுப் புலமையில் காற்கூறே. உடன் கற்பாரோடு கலந்து பழகி, கேட்டும் சொல்லியும் பெறுவது மற்றொரு காற்கூறு. கற்றதனைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைத்தலால் வருவது எஞ்சிய இரண்டு காற்கூறு. இவை கூடியபோதுதான் புலமை நிரம்பும் என்பது அவர் கருத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நூலாயினும் இக்கணக்கில் யான் இன்றளவும் பிழை கண்டிலேன். உங்கள் பள்ளி வாழ்வை இந்தக் கணக்கைக் கொண்டே அளந்து காண்போம்.

முதற்காற்கூறு ஆசிரியரால் வருவது. நீவிர் ஆறாம் வகுப்பில் அடியெடுத்து வைத்தது 2018ஆம் ஆண்டு சூன் திங்களில். அவ்வாண்டில்தான் தமிழ்நாட்டில் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்று ஆகிய நான்கு வகுப்புகட்குப் புதிய பாடநூல்கள் வந்தன. பக்கங்களில் விரைவுக் குறியீடு அச்சிட்ட அந்நூல்களை முதன்முதல் கையிலேந்திய ஆறாம் வகுப்பார் நீவிரே. உங்கட்கு முன் யாரும் அவற்றைப் படித்திலர். மூத்தோரிடம் பழைய குறிப்பேடு கேட்டு வாங்கும் வழியும் உங்கட்கு இல்லை. ஆசிரியரும் மாணவரும் அப்பாடங்களை ஒருங்கே புதிதாகக் கண்டோம். 2023 ஏப்ரலில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும், 2024 மார்ச்சில் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வும் எழுதினீர்கள். வருகின்ற மார்ச்சில் மூன்றாவது தேர்வு எழுதவிருக்கின்றீர்கள். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கம் 2017ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. ஆகவே முடிவு வெளியாகும் நாளில் ஒருவனை முந்தியவன் என்றும் மற்றவனைப் பிந்தியவன் என்றும் ஊரார் பேசுவதற்கு அத்துணை இடமில்லை. இது நன்றே.

இரண்டாங் காற்கூறுக்கு வருவோம். அதன் அருமை, அது இல்லாதபோது நமக்கு விளங்கிற்று. 2020 மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. நீவிர் அப்போது ஏழாம் வகுப்பினர். ஆண்டிறுதித் தேர்வு எழுதாமலே எட்டாம் வகுப்புக்கு ஏற்றப்பெற்றீர்கள். அவ்வெட்டாம் வகுப்பு முழுவதும் இப்பள்ளியின் நிழலை மிதியாமலே கழிந்தது. 2021 செப்டம்பர் முதல் நாள் ஒன்பதாம் வகுப்பு மாணவராகத்தான் மீண்டும் உள்ளே வந்தீர்கள். பதினேழு திங்களுக்கு மேற்பட்ட காலம் அது. வளரும் பருவத்தில் பதினேழு திங்கள் சிறிதன்று.

அக்காலத்தில் ஆசிரியர் உரை அறவே நின்றுவிடவில்லை. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் ஒளிபரப்பாயின. கைப்பேசி வழியாகவும் பாடங்கள் வந்தன. ஆயினும் பல வீடுகளில் ஒரே கைப்பேசி. அதுவும் தந்தையார் வேலைக்குச் செல்லுங்கால் அவரோடு சென்றுவிடும். அவர் இரவில் திரும்பிய பின்னரே பகற்பாடம் பிள்ளைக்குக் கிட்டும். அதற்குள் அண்ணனுக்கா தங்கைக்கா என்னும் வழக்கு எழும். இவ்வாறு இடர்ப்பட்டேனும் முதற்காற்கூறில் ஒரு பகுதி உங்களை வந்தடைந்தது. இரண்டாங் காற்கூறோ வரவில்லை. திரையில் ஆசிரியர் முகம் தெரிந்தது. பக்கத்து இருக்கை தெரியவில்லை. விளங்காத இடத்தில் விலாவில் இடித்து, என்னடா சொன்னார் என்று கேட்பதற்கு அங்கே யாருமில்லை.

அந்தச் செப்டம்பர்த் திங்களில் உங்கள் வகுப்பு எவ்வாறிருந்தது என்பது என் நினைவில் உள்ளது. முகக்கவசம் அணிந்து, இடைவெளி விட்டு அமர்ந்திருந்தீர்கள். மழலை மாறாக் குரலோடு சென்ற பிள்ளைகள் உடைந்த குரலோடு திரும்பியிருந்தனர். குரலைக் கொண்டு பெயரைத் தேடினால் கிட்டவில்லை. கவசத்தால் முகமும் கிட்டவில்லை. வினவினால் விடையில்லை. ஆனால் இடைவேளை மணி அடித்ததும் பேச்சு மடைதிறந்தாற்போற் பெருகிற்று. இரண்டு வாரத்தில் அப்பேச்சு மெல்ல வகுப்பறைக்குள்ளும் வந்தது. ஆசிரியரிடம் கேட்க நாணியவற்றை ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கினீர்கள். 2022 சனவரியில் மீண்டும் சில வாரம் பள்ளி மூடப்பட்டது. அப்போது கோயில் திண்ணையில் ஒரு கைப்பேசியைச் சுற்றி நால்வர் ஐவர் கூடிப் படித்ததை யானே கண்டேன். தனித்திருந்து கற்றலின் வெறுமையை ஒருமுறை உணர்ந்தவர்கள் மறுமுறை அதற்கு உடன்படவில்லை.

உடன்பயில்வாரால் வரும் கல்வி எத்தன்மையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அன்மொழித்தொகையை யான் மூன்று முறை விளக்கியும் இவ்வகுப்பில் ஒருவனுக்கு அது பிடிபடவில்லை. மறுநாள் மிதிவண்டி நிறுத்துமிடத்தில் அவன் தோழன் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். "கறுப்புக் குடை வருகிறார் என்று நாம் சொல்கிறோமே, குடையா நடந்து வருகிறது? குடை பிடித்தவர்தானே வருகிறார்? அதுதான் அன்மொழித்தொகை" என்றான். கேட்டவனுக்கு அக்கணமே விளங்கிவிட்டது. அக்கறுப்புக் குடைக்கு உரியவன் யானே என்பதை அவையோர் அறிக. மூன்று நாள் யான் உரைத்ததனை என் குடை ஒரு நொடியில் விளக்கிவிட்டது.

இது சிறுவர் செய்தி; பெரியோர் வாழ்விலிருந்தும் இரண்டு கூறுவேன். உ. வே. சாமிநாதையர் 1871ஆம் ஆண்டு மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். ஏறத்தாழ எழுபதாண்டு கழித்து, 1940 முதல் ஆனந்த விகடனில் என் சரித்திரம் எழுதிவந்தபோது, தம் ஆசிரியரை மட்டுமா நினைவுகூர்ந்தார்? தம்மோடு ஒருங்கு கற்ற சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ அன்பரையும் மறவாமற் குறித்தார். சமயம் வேறாயினும் சாலை ஒன்றாயிருந்தமையின் அவ்வன்பு விளைந்தது. மற்றொருவர் கணித மேதை இராமாநுசம். கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் பயின்று 1904ஆம் ஆண்டு பள்ளிப் படிப்பை முடித்தவர். அவர் அறிவைத் தூண்டிய கார் என்பாருடைய கணிதத் தொகுப்பு நூல், 1903இல் நண்பர் வாயிலாக அவர் கைக்கு வந்தது என்பது வரலாறு. நூலைக் கொண்டுவந்து கொடுத்த கை தோழமையின் கை. பின்னர் அவர் கல்லூரியில் கணிதம் ஒழிந்த பாடங்களில் தேறாமையால் உதவித்தொகையை இழந்தார் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். மதிப்பெண் குறைந்தது கொண்டு மனம் உடைதல் வேண்டா.

இனி, மகிழ்ச்சிக்குரிய இந்நாளிலும் சொல்லாது விடக்கூடாத ஒன்று உண்டு. உங்கள் ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை நேற்று எடுத்துப் பார்த்தேன். அதிலுள்ள பெயர்களிற் சில இன்றைய பதிவேட்டில் இல்லை. மாற்றுச் சான்றிதழ் பெற்று வேற்றூர்ப் பள்ளிக்குச் சென்றோரை நீக்கிவிடுங்கள். அவர்கள் அங்கே கற்கின்றனர். எஞ்சியவர் எங்கே? 2020ஆம் ஆண்டில் தந்தைக்கு வேலை போயிற்று. குடும்பம் பசியாற ஒருவன் உணவுவிடுதியில் இலை எடுக்கப் போனான். பள்ளி திறந்தபோது அவன் திரும்பவில்லை. மாதந்தோறும் கையில் வரும் பணத்தை வீடு எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டது. ஒருவன் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குச் சென்றான். ஒரு பெண் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றவள், நின்றே விட்டாள். நன்றாகப் படித்த பெண். அவள் கையெழுத்தை இன்றும் யான் அடையாளம் காண்பேன்.

இவர்கள் தேர்வில் தோற்றவர் அல்லர். தேர்வு மண்டபத்துக்கே வர இயலாது போனவர். நாளை நீவிர் எடுத்துக்கொள்ளும் வகுப்புப் புகைப்படத்தில் இவர்கள் இரார். ஆயினும் ஏழாம் வகுப்பு வரை உங்களோடு ஒரு பலகையில் இருந்தவர்கள் இவர்கள் அல்லரோ? பள்ளியை விட்டமையால் ஒருசாலை மாணாக்கர் என்னும் உறவு அற்றுவிடுமோ? அறாது. திரும்பிப் பார்க்கின்றவன் வந்து சேர்ந்தவரை மட்டும் எண்ணினால் போதாது. வழியில் நின்றுவிட்டவரையும் எண்ணவேண்டும். பலரோடு பயணம் புறப்பட்டவன் ஊர் எல்லையில் நின்று, எல்லாரும் வந்தாயிற்றா என்று கேட்பது வழக்கமன்றோ?

எண்ணினால் மட்டும் போதுமா எனின், அங்கேதான் நன்னூலார் கூறிய எஞ்சிய இரண்டு காற்கூறு வருகின்றது. இன்று நீவிர் பெற்றிருப்பது, மிகுத்துக் கூறினும், பாதிப் புலமை. மறுபாதி பிறர்க்கு எடுத்துரைப்பதனால் வருவது. அதனை எந்தக் கல்லூரியும் உங்கட்குக் கொடுக்க இயலாது. நீவிரே ஈட்டிக்கொள்ளல் வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்புப் படித்தவர் பிறர்க்கு என்ன சொல்லிக்கொடுக்க முடியும் என ஐயுறுவீராயின், அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. பெருந்தொற்றால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021ஆம் ஆண்டில் இல்லம் தேடிக் கல்வி என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. தெருக்களிலும் திண்ணைகளிலும் மாலைதோறும் குழந்தைகட்குக் கற்பிக்கத் தன்னார்வலர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் முன்வந்தனர். தொடக்க வகுப்புப் பிள்ளைகட்குக் கற்பிக்கப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருத்தல் போதும் என்று கொள்ளப்பட்டது. அதற்கும் முப்பதாண்டு முன்பு, 1991இல், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தது. கூலி வேலை முடித்து வந்த பெண்கள் மாலையில் எழுத்தறிந்தனர். மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். அவர்கட்கு எழுத்தறிவித்தவர் பெரும்பண்டிதர் அல்லர். அவ்வூர்களில் ஓரளவு படித்திருந்தவர்களே.

ஆகலின் உங்களிடம் மூன்று செயல்களை வேண்டுகின்றேன். முதலாவது, தேர்வு முடிந்தவுடன், நின்றுபோன தோழர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நீவிர் இருவர் இருவராகச் செல்லுங்கள். அறிவுரை கூறச் செல்லாதீர்கள். பார்த்துப் பேசிவரச் செல்லுங்கள். பள்ளியில் தன்னை யாரும் நினைப்பதில்லை என்னும் எண்ணம் அவனைவிட்டு அகலட்டும். இரண்டாவது, எட்டாம் வகுப்புத் தேறியவர் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத வழியுண்டு என்பதை அவனுக்குச் சொல்லுங்கள். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பதிவு செய்தல், விண்ணப்பம் நிரப்புதல், கட்டணம் செலுத்துதல் என்பவற்றில் அவன் திகைப்பான். உங்கட்கு அவை எளியன. அவன் விண்ணப்பத்தை அவன் அருகிருந்து நிரப்பிக்கொடுங்கள். மூன்றாவது, உங்கள் பாடநூல்களையும் குறிப்பேடுகளையும் பழைய தாள் கடைக்குப் போடாது அவனிடம் கொடுத்து, வாரத்தில் ஓரிரு மாலை அவனோடு அமருங்கள். அவன் வேலையை விடவேண்டும் என்று யான் சொல்லவில்லை. அவ்வாறு சொல்லும் உரிமை அவன் அடுப்பை எரிப்பவர்க்கே உண்டு. வேலையோடு கற்கவும் வழி இருக்கின்றது என்பதே யான் சொல்லுவது.

எங்கட்கே கல்லூரி சேர்தல், விடுதி தேடுதல், நுழைவுத்தேர்வு எழுதுதல் எனத் தலைக்குமேல் வேலை இருக்க, பிறர்பொருட்டு நேரம் செலவிடல் ஆகுமோ எனச் சிலர் வினவலாம். வினா முறையானதே. விடையும் நன்னூலாரின் கணக்கிலேயே உள்ளது. எடுத்துரைத்தலால் வரும் இரண்டு காற்கூறு கேட்பவனுக்கு வருவதாக அவர் கூறவில்லை. உரைப்பவனுக்கு வருவதாகவே கூறினார். பத்தாம் வகுப்புக் கணிதத்தை ஒருவனுக்கு விளங்கச் சொல்லிப் பாருங்கள். அதுவரை நீவிர் அறிந்ததாக எண்ணியிருந்தது எவ்வளவு, உண்மையில் அறிந்தது எவ்வளவு என்பது தெரிந்துவிடும். ஆதலின் இது தோழனுக்கு நீவிர் இடும் பிச்சையன்று. உங்கள் படிப்பை நிறைவாக்க அவன் உங்கட்குச் செய்யும் உதவி. இவ்வெண்ணத்தோடு சென்றால் அவன் மனமும் கூசாது.

இவ்வவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்கட்கும் ஒரு விண்ணப்பம். பரிசும் பொன்னாடையும் முதல் மதிப்பெண் பெற்றவர்க்கு வழங்குவது நல்ல வழக்கம், அது நடக்கட்டும். அதனோடு, நின்றுபோன பிள்ளை ஒருவன் மீண்டும் தேர்வு எழுத முன்வந்தால், அவனுடைய கட்டணத்தைச் செலுத்த ஒருவர் முன்வாருங்கள். மாலையில் விளக்கெரியும் ஓர் அறையை இரண்டு மணிநேரம் திறந்துவிட ஒருவர் இசையுங்கள். பிள்ளைகள் தாமே கூடிப் படித்துக்கொள்வர். கோயில் திண்ணையில் அதனை யான் பார்த்திருக்கின்றேன்.

மாணவச் செல்வங்களே! சிலர் மருத்துவர் ஆவீர். சிலர் பொறியாளர் ஆவீர். சிலர் வணிகமும் உழவும் மேற்கொள்வீர். ஓரிருவரேனும் தமிழாசிரியர் ஆகவேண்டும் என்னும் ஆசை எனக்கு உண்டு. எதுவானாலும் நும் கையிலிருக்கும் ஆட்டோகிராப் ஏட்டில் ஒரு பக்கத்தை எழுதாமல் வைத்திருங்கள். அப்பக்கம் நின்றுபோன தோழனுக்கு உரியது. அவன் வீட்டுக்குச் செல்லும் நாளில் அவனைக் கொண்டு அதில் கையெழுத்திடச் செய்யுங்கள். அவன் தேர்வெழுதித் தேறிய நாளில், அவன் வாழ்வுக்குரிய பாயிரத்தை நீவிர் எழுதுங்கள். அதற்கு உரிமை உடையவர் நீவிரே.

நீவிர் யாவரும் நோயின்றி நீடு வாழ்க! பெற்ற பாதிக் கல்வியை முழுக் கல்வியாக்கிக்கொள்க!